இரண்டு சாண் இழுப்பு

பொலிவியாவின் ஓருரோ ஊர் வெள்ளீய ஆலையில் கல் சலிக்கும் சல்லடையைத் தாங்கும் ஸ்பிரிங் ஒடிந்து வேலை நின்றுபோனது, கார்னிவல் வெள்ளிக்கிழமை காலையில். புது ஸ்பிரிங்கைத் தூணிலிருந்த கொக்கியில் மாட்டியதுமே மேஸ்திரி ரெமிகியோ அதற்குக் காகிதத் தோரணம் சுற்றி, கொக்கியோடு சேர்த்துப் பீரால் குளிப்பாட்டினார். பூமித்தாய்க்குக் குடிக்கக் கொடுக்காமல் புது இரும்பில் கை வைக்க அங்கே ஒருவருக்கும் துணிவில்லை.

ஸ்பிரிங்கை இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றும் எலோடியாவுக்குக் கவலை வேறு. முன்பெல்லாம் ஒரு சாண் இழுத்தால் போதும். இப்போது தூணைத் தள்ளி நட்டுவிட்டார்கள். அதே அளவு ஸ்பிரிங்கை இரண்டு சாண் இழுத்தாக வேண்டும். இழுபடும் முனையைச் சல்லடையின் ஆணியில் மாட்ட, பலகைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கப்போகிறவன் அவள் தம்பி அன்செல்மோ. போன வருஷம் ஒரு சாண் இழுப்பில் தெறித்த ஸ்பிரிங் ஒரு பலகையைப் பிளந்த பிறகுதான் அடங்கியது.

"ரெண்டு சாணுக்கு ரெண்டு பலகை. வெச்சாச்சு. சுத்து," என்றார் ரெமிகியோ.

"நாலு வேணும், மேஸ்திரி."

"எந்தக் காலேஜுல சொன்னாங்க?"

"என் தோளு சொல்லுது. மொத சாண் சும்மாவுல ஆரம்பிச்சு இருநூறு கிலோவுல முடியுது. ரெண்டாவது அந்த இருநூறுலதான் ஆரம்பிக்குது, நானூறுல முடியுது. சராசரி பாத்தா மொதல்ல நூறு, அப்புறம் முந்நூறு. ரெண்டாவது சாண் மொதலைவிட மூணு பங்கு வேலை. ஒண்ணும் மூணும் நாலு இல்லையா?"

பளாரென்று அறைந்தார். அவள் மென்றுகொண்டிருந்த கோக்கா இலை ரத்தத்தோடு தரையில் விழுந்தது. பாய்ந்து வந்த அன்செல்மோவின் வயிற்றில் பூட்ஸ் காலால் ஓர் உதை.

"மத்தியானத்துக்குள்ள ஆலை ஓடலன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க!"

அன்செல்மோ வயிற்றைப் பிடித்தபடியே எழுந்து பலகைக்குப் பின்னால் போய் நின்றான். "சுத்துக்கா. இந்தாளு உதைக்கு ஸ்பிரிங் உதை தேவலை."

சுற்றினாள். முதல் சாண் லேசாக வந்தது. இரண்டாவதில் கைப்பிடி அவளையே தூக்கப் பார்த்தது. இன்னும் நாலு விரல்கடை இருக்கையில், பீரில் நனைந்திருந்த தூண் கொக்கி வழுக்கியது. வெடிபோல ஒரு சத்தம். முதல் பலகை தூள். இரண்டாவதும் தூள்.

"கொக்கி ஈரம்... அது யாரு தப்பும் இல்ல," என்று குழறினார் ரெமிகியோ. எலோடியா கைப்பிடியைக் கழற்றி அவர் வாயிலேயே அடித்தாள். பல் சிதறியது. மறு அடிக்கு அவர் முழங்கால் மடங்கியது. மூன்றாவதற்கு ஓங்கியபோது பின்னாலிருந்து தம்பியின் முனகல் கேட்டது. கைப்பிடியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவன் நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது.

"எத்தனை உடைஞ்சுது, அக்கா?"

"ரெண்டும் போச்சுடா. பேசாதே."

"அப்போ மூணாவது நாந்தானா?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்புக்குப் பதிலாக ரத்தம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.