அப்பா வேஷத்துக் கண்ணாடி

பெட்டியை மூடுவதற்குள் கண்ணாடி வந்து சேர வேண்டும். அவள் சமையலறை மூலையில் நின்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ்லதாம்மா இருக்கேன். கண்ணாடி பைக்குள்ள பத்திரமா இருக்கு. சிக்னல்ல மாட்டிக்கிட்டோம்," என்றார் நடிகர்.

கூடத்தில் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டவர். நேற்று மத்தியானம் கடையில், வாடிக்கையாளர் கேட்ட ஃபிரேமை எடுக்கத் திரும்பியவர், அப்படியே சாய்ந்துவிட்டார். முகத்திலிருந்த கண்ணாடி அவருக்கு முந்தித் தரையைத் தொட்டுத் தூளாகிவிட்டது. இப்போது மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. கண்ணாடி இல்லாத அந்த முகத்தைப் பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"யாரோ மாதிரி இருக்காருடி," என்றாள் அம்மா. "அந்தப் பழைய கறுப்பு ஃபிரேம் கண்ணாடியைப் போட்டு அனுப்பலாம்."

"கடை நிறையக் கண்ணாடி இருக்கே அண்ணி, ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?" என்று சித்தப்பா கேட்டார்.

"கடையில இருக்கறது ஊருக்கு," என்றாள் அம்மா.

பழைய கண்ணாடி வீட்டில் இல்லை, நாடக அரங்கில் இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. "எங்கிட்டதாம்மா இருக்கு, கொண்டு வரச் சொல்றேன்," என்றதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மீதி இதுதான். அவள் நாடகம் எழுதி இயக்குகிறவள். ஒரு பழைய காதல் நகைச்சுவை நாடகத்தை எடுத்து இந்தக் காலத்துக்குத் திருப்பி எழுதியிருந்தாள். பழையதில், பெண்ணைப் பூட்டி வைக்கும் ஒரு முரட்டு அப்பா. அவளைக் காதலிப்பவன் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவனாக வேஷம் போட்டு வீட்டுக்குள் நுழைவான். கடைசியில் அந்த அப்பாவே ஏமாந்து தன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, கதவைத் தட்டி, உள்ளே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் சிறுமியாக இருந்தபோது அந்த நாடகத்துக்கு அவளைக் கூட்டிப்போனது அப்பாதான். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாகப் பார்த்தாள்.

அவளுடைய நாடகத்தில் காதலன் வேறு இனத்தவன். அதற்காக அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவளுக்கே அப்படி ஒரு காதலன் இருந்தான். அரங்கில் விளக்குப் போடுகிறவன். நிறம் வேறு, முகவெட்டு வேறு, பிறந்த பாஷை வேறு. உயரத்தைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் நெட்டை. அவனை முதல் முதலாக அப்பா வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவன் படியிறங்கிப் போகும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "நான் ஒண்ணுதான் கேக்கறேன். நாளைக்குப் பொறக்கற குழந்தையை வெளியில கூட்டிட்டுப் போனா, என் பேரன்னு யாரும்மா நம்புவாங்க?"

அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு நெட்டையோடு போய்விட்டாள். அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுப் போகவில்லை. நாடகத்தில் மேடை அப்பாவின் வாயில் வைத்தாள். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. நாடகம் மேடையேறியபோது அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது.

அதோடு விட்டாளா? பல மாதம் எட்டிப் பார்க்காதவள், ஒத்திகை சமயத்தில் ஒருநாள் கடைக்குப் போய் நின்றாள். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். தூசியே இல்லாத ஸ்டூலைத் தட்டினார். பெண் சமாதானமாகி வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

"நாடகத்துக்கு ஒரு கண்ணாடி வேணும்பா. உங்க பழைய கறுப்பு ஃபிரேம் கண்ணாடி மாதிரி."

"மாதிரி எதுக்கு? அதையே எடுத்துக்கோ. யாருக்கு?"

"அப்பா வேஷம் போடறவருக்கு. சின்ன வயசுல நாம பாத்தோமே, அந்த நாடகம்."

"அந்த நாடகமா? நல்ல வேஷமாச்சே! அவரைக் கடைக்கு வரச் சொல்லு. முகத்தைப் பாக்காம நான் கண்ணாடி குடுக்க மாட்டேன்."

நடிகர் போனார். நன்றாகப் பார்த்துக்கொண்டு வரும்படி அவள்தான் சொல்லி அனுப்பினாள். அப்பா டீ வரவழைத்துக் கொடுத்து, கண்ணாடியின் காதுப்பட்டையைச் சூடுகாட்டி வளைத்து, நடிகரின் ஒல்லி முகத்துக்குத் தகுந்தபடி செய்து கொடுத்தார். நடிகர் கண்ணாடியோடு அப்பாவின் ஊதலையும் துடைப்பையும் தோள் குலுக்கலையும் சேர்த்து வாங்கி வந்தார். முடிவையும் அவள் மாற்றிவிட்டாள். அவளுடைய நாடகத்து அப்பா வெளியே நின்று தட்டிக்கொண்டே இருப்பார். யாரும் திறக்க மாட்டார்கள். விளக்கு அணையும்.

"அவரை உள்ள விடு. வெளியில நிறுத்தாதே," என்று ஒத்திகையின்போது நெட்டை சொன்னான். அவமானப்பட்டவன் அவன்.

"உனக்கே ரோஷம் இல்லன்னா நான் என்ன பண்ண?" என்றாள் அவள்.

கொஞ்ச நாளாக அந்தக் கடைசி விளக்கை அவன் தாமதமாக அணைத்துக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நிற்கும் மனிதர்மேல் வெளிச்சம் நின்றுகொண்டே இருக்கும். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு நெளிவார்கள். முந்தாநாள்கூட அதற்காக அவனைப் பிடித்துத் திட்டினாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நடிகர் வந்துவிட்டார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். பிணத்துக்குப் போடப் போகிற கண்ணாடியில் தூசி இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயருகே கொண்டுபோய் ஊதி, சட்டை நுனியால் துடைத்து, வலது தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். என்ன செய்துவிட்டோம் என்று நடிகருக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியை அம்மாவின் கையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

அம்மா குனிந்து அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டினாள். அது உட்காரவில்லை. நடிகரின் முகத்துக்கு வளைத்தது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மகளும் அழுத்திப் பார்த்தாள். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். அவர் படுத்திருந்தார்.

"விடுடி. கோணலா இருந்தாலும் இப்பத்தான் அவர் மாதிரி இருக்கார்." அம்மா அவள் கையை விலக்கினாள். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "அவர் பாத்துட்டார்."

"எதைம்மா?"

"உன் நாடகத்தை. போன மாசம் டிக்கெட் வாங்கிட்டுப் போனார். கடைசி வரிசையாம்."

"கோவப்பட்டாரா?"

"'நான் சொன்னதைத்தானே எழுதியிருக்கா, இல்லாததையா எழுதிட்டா'ன்னார். பக்கத்து சீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாராம். நாம மட்டும் உம்முனு இருந்தா நல்லா இருக்காதேன்னு இவரும் சிரிச்சு வெச்சாராம்." அம்மா அப்பாவின் சட்டைக் காலரை நீவிவிட்டாள். "சாப்பிடறப்போதான் கேட்டார். 'பழைய நாடகத்துல அந்த அப்பன் கடைசியில உள்ள வந்துருவானே, உனக்கு ஞாபகம் இருக்கா'ன்னு. இருக்குன்னு சொன்னேன். அப்புறம் அதைப் பத்திப் பேசலை."

அவள் அழ வேண்டும் என்று நினைத்தாள். அழுகைக்கு அருகதை வேண்டாமா என்று தோன்றியதும் வந்த அழுகையும் உள்ளேயே நின்றுவிட்டது. நான் என்ன பெண், நான் என்ன பெண் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தூக்க நாலாவது ஆள் யாரு?" என்று சித்தப்பா கேட்டார்.

அம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். எதிர் நடைபாதையில் நெட்டை நின்றிருந்தான். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறான். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவளும்தான் கூப்பிடவில்லை.

"அந்தப் பையனைக் கூப்பிடு."

"அண்ணி, அவன்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"என் வீட்டு வாசல்ல யாரும் நிக்க வேண்டாம். போய்க் கூட்டிட்டு வாடி."

அவள் தெருவைக் கடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"அப்பா நாடகம் பாக்க வந்தாராமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான். "முடிஞ்சதும் விளக்கு ரூம் வாசலுக்கு வந்தார். நாடகம் ஓடி முடியற வரைக்கும் உங்கிட்ட சொல்லாதேன்னார். உனக்கு மனசு கலங்கிடும், வேலை கெட்டுடும்னு."

"வேற என்ன சொன்னார்?"

"ஒண்ணும் இல்ல. என் முகத்தையே பாத்துட்டு நின்னார். அப்புறம் என் கண்ணாடியைக் கழட்டினார். பாக்கெட்லேர்ந்து சின்னதா ஸ்க்ரூ டிரைவர், குறடு எல்லாம் எடுத்தார். மாட்டிப் பாத்தார். கழட்டினார். மறுபடியும் மாட்டினார். ரொம்ப நேரம் பண்ணினார்."

நெட்டையின் மூக்கு கடைக் கண்ணாடிகளுக்கு ஒத்துவராது. எந்தக் கண்ணாடியும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதை ஒற்றை விரலால் மேலே தள்ளிவிடுவது அவளுடைய வழக்கம், அவர்கள் காதலே அப்படித்தான் தொடங்கியது. அவள் விரல் பழக்கதோஷத்தில் அவன் முகத்துக்கு உயர்ந்தது. கண்ணாடி இறங்கியிருக்கவில்லை, தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக ஒன்றுமில்லாமல்தான் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் கவனிக்கவில்லை.

"உள்ள வா," என்றாள். "அம்மா கூப்பிடறாங்க."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். சித்தப்பா நகர்ந்து கால்மாட்டில் இடம் விட்டார். பெட்டியை மூடினார்கள். நடிகர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார், கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் இன்னொரு மூலையை.

கூடத்தில் புழுக்கமாக இருந்தது. நெட்டை நன்றாகக் குனிந்து பிடியைப் பிடித்தான். நெற்றி வியர்வை புருவத்தில் தேங்கி, மூக்கின் வழியாக வழிந்து, நுனியிலிருந்து சொட்டியது. அவன் கண்ணாடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.