விருந்துக்கு வந்த சமன்பாடு

இந்த ஆண்டிலிருந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை கிடையாது. ஆளுக்கொரு கணக்கு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டு மதிப்பெண் போடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதால் மூன்று நாள்.

செல்விக்குக் கணக்கென்றாலே வேப்பங்காய். இதில் தேறாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் அதற்கா பஞ்சம்? அவளுக்கு ஒரு சமன்பாட்டை அனுப்புவதாக ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். முக்கோணம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மூலையில் சாய்த்து வைத்தால் போதும்.

சமன்பாட்டுக்கு இரண்டு பக்கம். இரண்டுக்கும் தனித்தனித் தட்டு, இரண்டிலும் ஒரே அளவு விழ வேண்டும். மற்றபடி தொந்தரவில்லாத விருந்தாளி. செல்வி பயந்து பயந்து, எண்ணி எண்ணிப் பரிமாறினாள். இரண்டு நாள் குறையில்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது கிளம்ப வேண்டும். செல்வியின் அம்மா பேச்சியம்மாளுக்கோ, விருந்தாளி போதும் என்றால் இன்னொன்று வைத்துத்தான் பழக்கம். "ஒண்ணே ஒண்ணு வச்சிக்கிடுங்க" என்று இடப்பக்கத் தட்டில் ஓர் இட்லியைப் போட்டுவிட்டாள்.

சமன்பாடு இடப்பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பேச்சு நின்றுவிட்டது.

"அத எடுத்துரும்மா" என்றாள் செல்வி.

"வச்சத எடுக்கதா? ஏட்டி, நம்ம வீட்டுலயா?"

அதுவும் நியாயம்தான். பரிமாறியதைப் பிடுங்கிய வீடு என்று பெயர் வந்தால் அப்புறம் எந்தக் கணக்கு வாசற்படி ஏறும்? வலப்பக்கமும் ஒன்று வைப்பதுதான் வழி. இட்லிக் கொப்பரை காலி. செல்வி தன் பங்கைத் தின்று முடித்திருந்தாள். அம்மாவுக்கென்று ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அம்மா செல்வியின் முகத்தைப் பார்த்தாள், அதை எடுத்து வலப்பக்கத் தட்டில் வைத்தாள்.

சமன்பாடு நிமிர்ந்தது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போயிற்று.

முடிவு வந்தபோது பேச்சியம்மாள் தேர்ச்சி பெற்றிருந்தாள். "சமப்படுத்தினது அவங்கதான?" என்றார் டீச்சர்.

செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளும் எண்ணியது யார்? பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த அம்மாவுக்குத் தினமும் இரட்டைச் சடை பின்னும்போது கொஞ்சம் இறுக்கியே பின்னினாள். அப்பா துணைத்தேர்வு வரை தவணை கொடுத்தார்.

துணைத்தேர்வில் முறை வேறு. கணக்கு வராது, நாம்தான் அதன் வீட்டுக்குப் போய்த் தங்க வேண்டும். செல்வி பஸ் ஏறும்போது அம்மா பள்ளிச் சீருடையோடு ஓடி வந்து ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினாள்.

"வெறுங்கையோட போவாத. போதும்னு சொன்ன பிறகும் வப்பாங்க. சாப்பிட்டுரு. அவங்களுக்கும் பரீட்ச இருக்கும்லா?"

செல்வி அம்மாவின் சடையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கணக்கு வீட்டுக்குப் போக, பின்னக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நடை மிச்சம் என்று சொல்லி நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.