விட்டுக்கொடுத்தவர்

சட்டைக் காலரில் மைக்கைக் குத்திய தொலைக்காட்சிப் பெண், "இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி நில்லுங்க சார், பின்னாடி கலம் முழுசாத் தெரியணும்" என்றாள். அவர் திரும்பி நின்றார். கூடத்தின் நடுவே, இரும்புத் தாங்கிகளின் மேல், அந்தப் பழைய விண்கலம் மூக்கைச் சற்றுத் தூக்கியபடி இருந்தது. பக்கவாட்டில் கறுத்தும் பழுப்பேறியும் கிடந்த ஓடுகளை இன்று யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அது அருங்காட்சியகத்துக்குப் போகிறது.

"கடைசிப் பயணத்துக்கு நீங்கதான் தலைவர். வாழ்க்கை முழுக்கக் காத்திருந்து கிடைச்ச வாய்ப்பு. ஆனா பாதுகாப்பு முக்கியம்னு நீங்களே அதை விட்டுக்கொடுத்தீங்கன்னு கேள்விப்பட்டோம். அந்த முடிவு எடுக்கறப்போ மனசு எப்படி இருந்துச்சு சார்?"

'நான் விட்டுக்கொடுக்கவில்லை' என்று சொல்ல வாய் திறந்தார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த நாலைந்து பேரில் வெப்பக் கவசப் பிரிவின் பொறியாளரும் இருந்தாள். கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, படப்பிடிப்பு முடிந்தால் வேலையைத் தொடரலாம் என்பதுபோல் காத்திருந்தாள்.

"உயிரைவிட எந்தப் பயணமும் பெரிசு இல்லைங்க" என்றார் அவர்.

"இதோட மனுஷங்க விண்வெளிக்குப் போறதே நின்னுடுமா சார்?"

"எப்படி நிக்கும்? புதுக் கலம் வருது. இதைவிடத் தூரம் போகும். அதுல போகப்போறவங்க இப்பவே பயிற்சியில இருக்காங்க." குரல் நன்றாகவே வந்தது. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அலுவலகத்தில் அவருக்கு 'ஸ்டெப்னி' என்று பெயர். எல்லாப் பயணத்துக்கும் மாற்று ஆளாகப் பயிற்சி எடுப்பார். கிளம்பும் நாளில் வேறு யாரோ ஏறிப்போவார்கள். இவர் கீழே நின்று கையாட்டுவார். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா, "என்ன மாப்பிள்ளை, மேல போயிட்டு வந்தாச்சா, இல்ல இன்னும் பஸ் வரலையா?" என்று கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். அவரும் சிரித்துவைப்பார். தலை நரைத்த பிறகு ஒருவழியாகக் கடைசிப் பயணத்துக்கு அவர் பெயர் வந்தது. புதுக் கலம் இன்னும் வரைபடத்தில்தான் இருக்கிறது. அது பறக்கும்போது அவரை யாரும் ஏற்றமாட்டார்கள்.

அதனால்தான் பயணத்துக்குக் கையெழுத்து வாங்கக் கூட்டிய கூட்டத்தில் அப்படி நடந்துகொண்டார். கவசத்துக்கு அடியில் இருக்கும் உலோகச் சட்டத்தில் ஓரிடத்தில் சோதனை ஒலி மாறி வருகிறது, ஓடுகளைப் பிரித்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று அந்தப் பொறியாளர் எழுந்து சொன்னாள். பிரித்தால் பல மாதம் ஆகும். அதற்குள் கலத்துக்குக் கொடுத்த அனுமதிக் காலமே முடிந்துவிடும். பிரிப்பது என்றால் ஓய்வு கொடுப்பது என்றுதான் அர்த்தம்.

"வயசான உடம்பு, கொஞ்சம் முனகத்தாம்மா செய்யும்" என்றார் அவர். "எனக்குக்கூட முட்டி முனகுது. என்னையும் மியூசியத்துல வெச்சுடுவீங்களா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், குழுத் தலைவராக, "எங்க குழுவுல மூணு பேருக்கும் சம்மதம்" என்றும் சொல்லிவிட்டார். மற்ற இருவரை அவர் கேட்கவே இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் ஒருத்தி மட்டும் போடவில்லை. ஒரு கையெழுத்து குறைந்ததால் பயணம் நின்றது. அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டா" என்று கத்தினார். பிறகு ஓடுகளைப் பிரித்தபோது சட்டத்தில் விரிசல் இருந்தது. பயணத்தை நிறுத்துவதாக அலுவலகம் விட்ட அறிக்கையில், 'பயணக் குழுத் தலைவரின் முழு ஒப்புதலுடன்' என்று யாரோ மரியாதைக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மீதியைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டது.

பேட்டி ஒளிபரப்பாகி முடிந்ததும் மனைவி தொலைக்காட்சியை அணைத்தாள்.

"நல்லாத்தான் பேசினீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஒரு வயதான அம்மா வீடு தேடி வந்தார். அவருடன் பறப்பதாக இருந்த டாக்டர் பெண்ணின் தாய். பஸ்ஸில் வந்து, வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தார். தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துல பாலை வார்த்தீங்க தம்பி. எம் பொண்ணுக்கு உள்ளுக்குள்ள பயந்தான். சொன்னா பேரை எடுத்துருவாங்கன்னு வாயே திறக்கல. அவ குழந்தைக்கு மூணு வயசு தம்பி. நீங்க அவளுக்கும் சேர்த்து யோசிச்சிருக்கீங்க."

அவர் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. முகத்துக்கு ரத்தம் ஏறுவது தெரிந்தது. அதையும் அந்த அம்மா அடக்கமென்று எடுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார்.

"பாருங்க, எவ்வளவு தன்மையான மனுஷன்!" என்று அந்த அம்மா மனைவியிடம் திரும்பிச் சொன்னார்.

அந்த அம்மா போன பிறகு மனைவி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "அவங்க நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமலே. "எப்ப வேணும்னாலும் பேசலாமாம்."

மறுநாள் காலையில் கூடத்துக்குப் போனார். கலத்தின் வயிற்றுக்குக் கீழே பாதி ஓடுகளைப் பிரித்திருந்தார்கள். பொறியாளர் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு சட்டத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். புதுக் கலத்தை வடிவமைக்கிறவர்களுக்கு அந்தத் துண்டை வெட்டி அனுப்ப வேண்டுமாம். அவர் ஏணியில் ஏறினார். முட்டி வலித்தது.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. டிவியிலயும்..."

"அங்கதானே சார் நின்னுட்டிருந்தேன்" என்றாள் அவள். கோடு போடுவதை நிறுத்தினாள். "நீங்க சிரிக்க வெச்சப்ப நானும் சிரிச்சேன், கவனிச்சீங்களா? எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு சிரிச்சேன். போட்டுத் தொலைச்சிடலாம்னு பேனாவைக்கூட எடுத்துட்டேன். அதை நெனச்சாத்தான் சார் உடம்பு கூசுது."

தன்னால் ஒருத்திக்கு இப்படியும் ஒரு கூச்சம் வந்திருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். விரலுக்கு முதலில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. திரும்பத் தடவியபோது நகம் மாட்டியது. முடியளவுதான் இருக்கும்.

"இவ்வளவுதானா?"

"திரும்பி வர்றப்போ வெளியில இருக்கற சூட்டுல கலம் உடைஞ்சுபோக இது தாராளம் சார்."

விளக்கை எடுத்துக்கொண்டு அவள் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்துவிட்டாள். இருட்டில் அவர் கையை எடுக்கவில்லை. இடது கையால் போனை எடுத்து அந்த அம்மாவின் எண்ணை அழுத்தினார்.

"யாரு? அட, தம்பியா!" அந்தப் பக்கம் குரல் மலர்ந்தது. "இருங்க தம்பி, டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு வந்துடறேன்."

போனை எதன்மீதோ வைக்கும் ஓசை. பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தது மெல்லத் தேய்ந்து நின்றது. ஒரு குழந்தை எதையோ கேட்டது. பிறகு, தரையில் தேய்த்துக்கொண்டு வரும் செருப்புச் சத்தம் நெருங்கி வரத் தொடங்கியது. அவர் நகத்தை விரிசலிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.