ஸ்லோவில் நிற்காத ஸ்கூட்டர்

மல்லாவிச் சந்தையிலிருந்து துணுக்காய்க்குப் போகிற வீதியோரம், ஒரு பாலை மரத்தின் கீழ், நாலு தடி நட்டுத் தறப்பாள் கட்டி மூக்கன் வாகனம் திருத்திக்கொண்டிருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். அதற்கு முன் பதினொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினோடு நின்ற மனிதர். எஞ்சின் போடுகிற சத்தத்தைக் கேட்டே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவார் என்று அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் அவருக்கும் பிடித்திருந்தது.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, வைகாசி வெயில். கிளிநொச்சிச் சனமெல்லாம் போரால் இடம்பெயர்ந்து மல்லாவியிலும் அதைச் சுற்றியுள்ள காடுகளிலும் கொட்டில் போட்டிருந்தது. வன்னிக்குள் பெற்றோல் வரத் தடை. ஓடிய வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெயைக் குடிக்கும். அந்தச் சில துளிக்குச் சனம் அலைந்தது.

பிரசவம் பார்க்கும் குடும்பநல மாது நேசமலர், சனத்துக்கு ‘மிஸி’, ஒரு காலைநேரம் தன்னுடைய சின்ன ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். பதினாறு கிராமத்துக்கு அவள் ஒருத்திதான். வெள்ளைச் சேலை முழங்கால்வரை செம்மண்ணாக இருந்தது. ஸ்கூட்டர் ஓடும்போது பிழையில்லை, அக்சிலேற்றரை விட்டால் ஸ்லோவில் நிற்காமல் அணைந்துவிடுகிறது என்றாள். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போகும்போது எஞ்சினை அணைக்காமல் வாசலில் விட்டுத்தான் உள்ளே போவாள். அணைந்தால், எஞ்சின் சூடாக இருந்தாலும், திரும்பப் பெற்றோல் விட வேண்டும். ஒரு கிழமைக்கென்று அவளிடம் இருந்தது ஒரு மருந்துப் போத்தலின் அரைவாசி. அதையும் ஊசி போடும் சிறிஞ்சால் அளந்து அளந்துதான் விட்டாள்.

மூக்கன் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்துக் கறுத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு அது வழமைதான். சுரண்டித் துடைத்துப் போட்டார். காபரேற்றரைத் திறந்து, ஸ்லோவுக்கு எண்ணெய் விடுகிற சின்னத் துவாரத்தை ஒற்றைச் செப்புக் கம்பியால் குத்தி ஊதினார். திரும்பப் பூட்டி உதைத்தபோது ஸ்கூட்டர் அமைதியாக நின்று இரைந்தது. நேசமலரின் முகம் தெளிந்தது.

ஆனால் ஐந்து நிமிடம் போக, எஞ்சின் சூடேற, சத்தம் தன்பாட்டில் ஏறியது, பிறகு சோர்ந்து இறங்கியது. திரும்பவும் ஏறியது. மூக்கனின் காதுக்கு அது போதும். காபரேற்றர் எஞ்சினோடு பொருந்துகிற இடத்தில் எங்கோ காற்று இழுக்கிறது. பொருத்தைச் சுற்றி இரண்டு துளி ஒயில் விட்டு, சத்தம் மாறுகிறதா என்று பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். ஒயில் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விட்டுப் பார்த்தால் பிறகு கழற்ற வேண்டும், கழற்றினால் பொருத்துக்கு நடுவில் வைக்கப் புதுக் காஸ்கட்டுக்கு எங்கே போவது? அவளோ கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டாள். பின்னால் வேறு இரண்டு பேர் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் தண்ணிப் பம்புமாகக் காத்திருந்தார்கள்.

ஸ்லோ ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருகினார். எஞ்சின் உரக்க இரைந்தது. காற்று இழுக்கிற சத்தம் அந்த இரைச்சலுக்குள் மறைந்துபோனது.

“நான் உள்ள போய் வர அரை மணித்தியாலம் எண்டாலும் அணையாமல் நிக்குமோ, மூக்கண்ணை?”

“நிக்கும் மிஸி. பயப்படாம போயிட்டு வாங்க” என்றார் அவர்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் திரும்பவும் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். புத்துவெட்டுவானிலிருந்து அத்தனை தூரமும் உருட்டியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கூட்டரைப் பாலை மரத்தில் சாய்த்துவிட்டு நிலத்தில் இருந்தாள். மூக்கன் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

புத்துவெட்டுவான் காட்டோரம், இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் அருந்ததி என்று ஒரு பெண். தலைப்பிள்ளை. நாளுக்கு முன்னரே நேற்றுக் காலையில் குத்து எடுத்து, நேசமலர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. நேசமலர் அருந்ததியின் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். கையை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரி வாகனத்தைக் கூட்டிவர அருந்ததியின் புருஷன் ரூபனை ஸ்கூட்டரில் போகச் சொன்னாள். அவனுக்கு ஸ்கூட்டர் ஓடத் தெரியும். வாசலில் எஞ்சின் இரைந்துகொண்டுதான் இருந்தது. அவன் ஓடிப் போய் ஏறிய கையோடு அது அணைந்துவிட்டது. பெற்றோல் போத்தலில் ஒன்றும் இல்லை. அன்று காலையில் இன்னொரு வீட்டு வாசலிலும் அணைந்து, மிச்சத்தை அங்கே விட்டு முடித்திருந்தாள்; அதைத் தற்செயல் என்றுதான் நினைத்தாள். அவன் உதைத்த சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிறகு சைக்கிள் தேடி அரைக் கட்டை தூரம் ஓடி, அதில் மல்லாவிக்குப் போய்ச் சொல்ல, வாகனம் உடனேதான் வெளிக்கிட்டது. வந்து சேர்ந்தபோது அருந்ததிக்கு உயிர் இல்லை.

“பிள்ளை?” என்று கேட்டார் மூக்கன்.

“பிள்ளை இருக்கு. பொம்பிளைப் பிள்ளை.”

பிளக் திரும்பக் கரி பிடித்திருக்கும் என்றோ, மண்ணெண்ணெயில் கலப்படம் என்றோ அவர் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவள் குற்றம் சொல்ல வரவுமில்லை. நாளைக்கு ஐயன்கன்குளத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள், அதற்குள் திருத்தித் தாருங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். மூக்கன் கைத்துணியை மடித்தார், விரித்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் மிஸி” என்றார். “காத்து இழுக்குதுன்னு சத்தத்துலயே தெரிஞ்சிச்சு. ஸ்குரூவத் திருகி மறைச்சுத்தான் உட்டேன்.”

நேசமலர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீதியால் ஒரு உழவு இயந்திரம் சனத்தையும் பாத்திரம் பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு போனது.

“திருத்தேலாது எண்டு சொல்லியிருந்தாக் காணும்” என்றாள். “நான் சைக்கிளிலை போயிருப்பன். இல்லாட்டி வாசலிலை ஒராளை அக்சிலேற்றரைப் பிடிச்சுக்கொண்டு நிக்க விட்டிருப்பன். என்ன பிழையெண்டு எனக்குத் தெரியாது, மூக்கண்ணை. நிக்கும் எண்டு நீங்கள் சொன்னதை நம்பித்தான் உள்ள இருந்தனான்.”

மூக்கன் காபரேற்றரைக் கழற்றினார். எஞ்சினோடு பொருந்துகிற அதன் முகம், யாரோ எப்போதோ நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் நடுவில் வளைந்திருந்தது. கண்ணாடித் துண்டொன்றின் மேல் உப்புத்தாளை விரித்து, அந்த முகத்தை வைத்து மெல்ல மெல்ல உரைத்தார். உரைக்க உரைக்க வளைவு போனது. மருந்துப் பெட்டி மட்டையில் ஒரு காஸ்கட் வெட்டி, சவர்க்காரம் பூசிப் பொருத்தினார். பெற்றோலோ மண்ணெண்ணெயோ சவர்க்காரத்தைக் கரைக்காது. தன்னிடம் ஒளித்து வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் விட்டு உதைத்தார். சூடேறிய பிறகு பொருத்தைச் சுற்றி ஒயில் விட்டுப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினார். ஸ்கூட்டர் ஒரே சீராக நின்றது.

எல்லாவற்றுக்கும் போனது ஒரு மணித்தியாலம். புதுச் சாமான் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

புறப்படும்போது நேசமலர் இன்னொன்று சொன்னாள். ரூபன் யாரோடும் பேசுகிறானில்லை. தான் பதற்றத்தில் அக்சிலேற்றரைப் பிழையாக முறுக்கித்தான் எஞ்சின் அணைந்தது, தன் கையால்தான் அருந்ததி செத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மூக்கன் அன்றிரவு சாப்பிடவில்லை. சாம்பல் அள்ளுகிற காடாற்று முடிந்த அடுத்த நாள் காலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு புத்துவெட்டுவானுக்குப் போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். ஒன்றும் சரியாக வரவில்லை.

கொட்டிலின் முன்னால் ஏழெட்டு ஆண்கள் மணலில் இருந்தார்கள். ரூபன் ஓரமாக, மழிக்காத முகத்தோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்கு மேல் இராது. உள்ளே யாரோ பெண்கள் பிள்ளைக்குக் கரண்டியால் பால் பருக்கிக்கொண்டிருந்தார்கள். மூக்கன் அவனுக்குப் பக்கத்தில் குந்தினார். மற்றவர்கள் எழும்பி வெற்றிலைத் தட்டுப் பக்கம் போகும்வரை பார்த்திருந்து, தான் யாரென்று சொன்னார். பிறகு முழுவதையும் சொன்னார். காற்று இழுத்ததை, ஒயில் போத்தல் பக்கத்திலேயே இருந்ததை, ஸ்குரூவைத் திருகியதை, நிற்கும் என்று சொன்னதை.

“நீங்க ஏறுனதாலே அணையல தம்பி. நீங்க தொடாட்டியும் அது அணைஞ்சிருக்கும். அது எம் பிழை.”

ரூபன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதைத்த காலில் கணுக்கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.

“நாலு நாளா இந்தக் கையை வெட்டிப் போடவேணும் எண்டு இருந்தனான்” என்றான் மெதுவாக. “சரி, என்ரை கை இல்லை. இப்ப நான் ஆரை வெட்டுறது அண்ணை? உங்களையே?”

அவன் ஓங்கி ஒரு அடி அடித்திருந்தால் மூக்கன் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் அடிக்கவில்லை. அவன் முகத்தில் ஆறுதலும் தெரியவில்லை. நாலு நாளாகச் சுமந்ததை ஒருவன் வந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்னொன்றைத் தூக்கி வைத்ததுபோல இருந்தான்.

“மிஸிக்குத் தெரியுமோ?” என்று கேட்டான்.

“சொல்லிட்டேன்.”

“அருந்ததிக்குத் தெரியாது” என்றான் ரூபன். “அவள் நான் உதைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தவள். மிஸி சொன்னவா. ‘ஏன் இன்னும் போகேல்லை’ எண்டு கேட்டவளாம்.”

உள்ளே பிள்ளை புரைக்கேறி இருமியது. ஒரு பெண் அதன் உச்சியில் தட்டினாள். ரூபன் எழும்பி, நொண்டிக்கொண்டு, தலையைக் குனிந்து கொட்டிலுக்குள் போனான். திரும்பி வரவில்லை.

மூக்கன் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பெரியவர் ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். இவர் யார், எவர் என்று அறியாமல், தூர இடத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், குடியுங்கோ என்றார். மூக்கன் வாங்கினார், குடித்தார். தேத்தண்ணி சீனியில்லாமல் கசந்தது. செத்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. கோப்பையை மணலில் வைத்துவிட்டு எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு நடந்தார்.