பெயர் தெரியாத ஒருவருக்கு நன்றி

சுகாசினி என் அண்ணனை "அண்ணா" என்று கூப்பிட்ட அன்றுதான் எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது. அதற்கு முன்னால் அவள் மேல் இருந்தது வெறும் எரிச்சல். எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் எனக்கு ரொம்பப் பின்னால் வந்து சேர்ந்தவள். வாலாஜாபாத்காரி, அரிசி ஆலைக் குடும்பம். பட்டுக்கும் அவளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அவள் கல்யாணப் புடவை. அவளுக்குத்தான் சாயத் தண்ணீர் ஆராய்ச்சிக்கு டெல்லியிலிருந்து நிதி வந்தது. நானும் அதே நிதிக்கு விண்ணப்பித்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் நியாயம் உங்களுக்குப் புரியாது.

நான் பிள்ளையார்பாளையத்தில் சாயப் பட்டறை வீட்டில் பிறந்தவள். பெயர் தில்லையம்மாள். பள்ளிக்கூடத்தில் என் விரல்களைப் பார்த்து டீச்சர் மருதாணியா என்று கேட்பார். இல்லை டீச்சர், அரக்குச் சாயம் என்பேன். அப்பாவுக்குப் பிறகு பட்டறை அண்ணன் கைலாசத்தின் கைக்கு வந்தது. நான் பிஎச்.டி. முடித்த கையோடு அண்ணனிடம் போய், பட்டறையில் ஓர் ஆராய்ச்சி செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். "வாணாம்மா, வூட்டு விஷயத்தை வெளிய எடுத்துக்கினு போவாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அதே அண்ணன், அதே பட்டறையை, கேட்ட மாத்திரத்தில் சுகாசினிக்குத் திறந்துவிட்டார்.

"ஏண்ணா, எனக்கு மட்டும் ஏன் இல்லேன்னே?" என்று நேராகவே கேட்டேன்.

"அந்தப் பாப்பா சிரிச்சிக்கினே கேட்டுச்சும்மா. நீ வந்தா ஆளுங்களை அதட்டிக்கினே இருப்பே."

"நான் எப்போ அதட்டினேன்?" என்று நான் போட்ட சத்தத்தில் சாயக் கொப்பரைப் பக்கம் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அவர்களைக் கையால் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

விஷயம் சின்ன விஷயமும் இல்லை. எங்கள் தெருவில் நூலுக்குச் சாயம் ஏற்றியதும் கொப்பரையில் மிச்சமிருக்கும் தண்ணீரை அப்படியே சாக்கடையில் சாய்த்துவிடுவார்கள். ஒரு நாள் சாக்கடை மஞ்சளாக ஓடும், மறுநாள் மயில் கழுத்து நிறத்தில் ஓடும். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இது நிற்காவிட்டால் பட்டறைகளைப் பூட்டி சீல் வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சுகாசினியின் யோசனை எளிமையானது. தண்ணீரைக் கொட்டாதே. முதலில் மஞ்சள், அதே தண்ணீரில் அடுத்து ஆரஞ்சு, கடைசியில் அரக்கு. ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் எவ்வளவு சாயம் மிச்சமிருக்கிறது என்று அளந்து, குறைவதை மட்டும் சேர். மூன்று நிறத்துக்கு ஒரே கொப்பரைத் தண்ணீர்; முடிவில் சாக்கடைக்குப் போவதில் சாயம் பெயருக்குத்தான் இருக்கும்.

கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சுலபமான ஒன்று அந்த வீட்டில் பிறந்த எனக்கு ஏன் தோன்றவில்லை?

அண்ணன் பட்டறையில் ஒரு வருஷம் செய்து பார்த்தார்கள். நூல் பளபளவென்று வந்தது. அண்ணி மஹாலட்சுமி சுகாசினிக்கென்று மந்தாரை இலையில் இட்லி ஊற்றினாள். நான் போனால் "சாப்பிட்டுட்டுத்தானே வந்தே?" என்று கேட்கிற அண்ணி! அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா என் கண்ணுல பார்த்ததை வெச்சு நான் ஆர்டர் போட முடியாது. ஒரு தரமான ஜர்னல்ல கட்டுரை வரட்டும், பட்டறைகளுக்கு அவகாசம் கொடுக்க எழுதறேன்" என்றார். அன்று முதல் அண்ணனின் பட்டறை உயிர் சுகாசினியின் கட்டுரையில் தொங்கியது.

அந்தக் கட்டுரை ஒரு சனிக்கிழமை மாலை என் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்தது.

ஜர்னல்காரர்கள் வழக்கம்போல எழுதியவர் பெயரை மறைத்து, துறை தெரிந்த ஒருவருக்குப் பரிசீலிக்க அனுப்பியிருந்தார்கள். அந்த ஒருவர் நான். நான்காவது வரியில், "காஞ்சிபுரத்தில் திறந்த கிணறு உள்ள ஒரு பட்டறை" என்று படித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதியவரைத் தெரிந்திருந்தால் விலகிக்கொள்ளவும் என்று கீழே ஒரு விதி இருந்தது. எனக்கும் சுகாசினிக்கும் என்ன உறவு? ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே மின்விசிறி. சம்பந்தம் எதுவும் இல்லை என்று குறித்துவிட்டுத் தப்புத் தேட உட்கார்ந்தேன்.

முதலில் கணக்குகளைப் பார்த்தேன். சரியாக இருந்தன. படங்களைப் பார்த்தேன். அவையும் சரி. ஆங்கிலம்கூட என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப முதல் பக்கத்திலிருந்து படித்தபோது, "திறந்த கிணறு" என்ற இடத்தில் அகப்பட்டுவிட்டது.

எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். மற்ற வீடுகளில் எல்லாம் போர்வெல், உப்புத் தண்ணீர். வெளிர் நிறம் ஏற்றுகிற நாளில் தெருவே குடத்தோடு எங்கள் வாசலில் நிற்கும். அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரில் செய்து பார்த்துவிட்டு, ஊருக்கே இது பொருந்தும் என்று எழுதியிருந்தாள் வாலாஜாபாத்காரி! உப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், நூல் திட்டுத் திட்டாகத்தான் வரும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

அப்போது அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா தில்லை, அந்தப் பாப்பா எழுதின பேப்பர் என்ன ஆச்சுன்னு எதுனா தெரியுமா? மறுபடியும் ஆபீசுலேர்ந்து வந்து மிரட்டிட்டுப் போறாங்கம்மா."

கட்டுரை என் முன்னால் திறந்திருந்தது. "எனக்கு எப்படிண்ணா தெரியும்? அதெல்லாம் ரகசியமா நடக்கிறது" என்றேன்.

"உங்க காலேஜுதானே? நீ கொஞ்சம் சொல்லி வையேம்மா."

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். நான் நிராகரி என்று குறித்தால் சுகாசினியோடு அண்ணனும் விழுவார். அப்படியே ஏற்றுக்கொள் என்று குறிக்க என் கை வராது, அது பொய்யும்கூட. நாளைக்கு மற்ற பட்டறைகளில் தோற்றுப்போனால் தெருவே அண்ணனைத்தான் திட்டும். கடைசியில், உப்புத் தண்ணீர் உள்ள பட்டறைகளிலும் மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் செய்து காட்டி, திருத்தி எழுதவும் என்று குறித்தேன். அண்ணனுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நிராகரித்தால் அவள் ஒரு நாள் அழுதுவிட்டு வேறு ஜர்னலுக்கு அனுப்பிவிடுவாள். இப்படிச் செய்தால் வருஷம் முழுக்க வெயிலில் அலைவாள் என்பதும் என் மனதில் இருந்தது.

அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில் சுகாசினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை என்னிடமே படித்துக் காட்டினாள்.

"எவ்ளோ கல்நெஞ்சுக்காரங்க பாருங்க மேடம். நாலு பட்டறையில பண்ணுன்னு சொல்றாங்க. இவங்க காஞ்சிபுரத்தைக் கண்ணாலயாவது பார்த்திருப்பாங்களா?"

"அப்படிச் சொல்லாதேம்மா" என்றேன். "கேள்வி நியாயமாத்தான் இருக்குது. எழுதினவங்க ரொம்பப் படிச்சவங்க மாதிரி தெரியுது."

அவள் அலைந்தாள். எங்கள் தெருவிலேயே போர்வெல் வைத்திருந்த துரைக்கண்ணுவின் பட்டறையில் நூல் திட்டுத் திட்டாக வந்தது. நான் சொன்னபடியே! அவள் முகம் கறுத்து வீடு திரும்பிய நாட்களில் எனக்குப் பசி நன்றாக எடுத்தது. ஆனால் எதிர்சாரியில் ஒரு பட்டறைக்கு நிஜமாகவே சீல் வைத்தார்கள். அந்த வீட்டு ஆள் பூட்டிய கதவுக்கு முன்னால் லுங்கியோடு குந்தியிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு நேராக சுகாசினியிடம் போய், "என்ன, ஏதாவது வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். அக்கறையோடுதான் கேட்டேன். அதட்டலாகக் கேட்டது போலிருக்கிறது, அவள் பயந்துவிட்டாள்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். மொட்டை மாடி மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, முதல் நிறத்துக்கு அதைப் போர்வெல் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். உப்பு தாங்கும் அளவுக்குள் நின்றுவிடுகிறது. துரைக்கண்ணு வீட்டு நூலும் அண்ணன் வீட்டு நூலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. திருத்திய கட்டுரை என்னிடமே திரும்பி வந்தது. குறை சொல்ல இரண்டு கமாதான் கிடைத்தன. அந்த இரண்டையும் மறக்காமல் சுட்டிக்காட்டிவிட்டு, ஏற்றுக்கொள்ளவும் என்று குறித்தேன்.

கட்டுரை வெளிவந்தது. தெருவுக்கு அவகாசம் கிடைத்தது, சீல் வைத்த பட்டறையையும் திறந்துவிட்டார்கள். கல்லூரி செமினார் ஹாலில் பாராட்டு விழா. தெருவே வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுகாசினிக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். இதற்கெல்லாம் நான் தயாராகத்தான் வந்திருந்தேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "இந்தப் பாராட்டு எனக்கு மட்டும் சேராதுங்க. என் கட்டுரையை ஒருத்தர் பரிசீலனை பண்ணினாரு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. அன்னைக்கு நான் அவரைத் திட்டினேன். ஆனா நல்ல கிணறு இல்லாத வீட்டுல என்ன ஆகும்னு அந்த ஒரு கேள்வி கேட்கலேன்னா இது கைலாசம் அண்ணா வூட்டோட நின்னிருக்கும். மத்த வீட்டுல எல்லாம் நூல் பாழாப் போயிருக்கும். அவருக்குத்தான் நாம எல்லாரும் நன்றி சொல்லணும்."

எனக்குக் காது சுட்டது. எழுந்து நின்று அது நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த கேள்வி, அண்ணன் பட்டறைக் கட்டுரையை நீ எப்படிப் பரிசீலிக்கலாம் என்பதுதான். கட்டுரையையே திரும்பப் பெற வேண்டி வரலாம், அவகாசமும் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்தார். "கேட்டியாம்மா? எங்கியோ உக்காந்துக்கினு ஒரு ஆளு நம்ம கிணத்தைப் பத்தி யோசிச்சிருக்காரு பாரு. நீ அந்தத் தண்ணியிலேயே குளிச்சு வளந்தவ. உனக்குத் தோணலியே!"

"தோணலைண்ணா" என்றேன்.

ஹாலில் எல்லோரும் எழுந்து நின்று அந்தப் பெயர் தெரியாத ஆளுக்காகக் கைதட்டினார்கள். துரைக்கண்ணு விசில்கூட அடித்தார். எனக்கு என் வாழ்நாளில் அப்படி யாரும் தட்டியதில்லை. சுகாசினி மேல் இருந்ததெல்லாம் அந்த நிமிஷம் அந்த ஆள் மேல் திரும்பியது. யாரோ ஒருவருக்கு ஊரே எழுந்து நிற்கிறது என்று உள்ளுக்குள் பற்றி எரிந்தது. என் கைகள் மடியிலேயே கிடந்தன.

அண்ணன் என் முழங்கையில் ஒரு இடி இடித்தார்.

"எந்திரிச்சுத் தட்டும்மா தில்லை. அடுத்தவங்களுக்குன்னா உனக்குக் கையே எழும்பாதே!"

எழுந்து நின்று தட்டினேன்.