ஐந்து நிமிட மௌனம்

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு புதுப்பட்டினம் திரும்பிய மூன்றாம் வாரத்தில், பெயின்ட் கடை ஜெயினுலாபுதீனின் பிரஷர் எவ்வளவு என்பது கடைத்தெருவுக்கே தெரிந்திருந்தது. அவரே சொல்லிவிடுவார்.

"காலீல நூத்தி அறுவது, மத்தியானம் நூத்திப் பத்து. இது இன்னா, ஒடம்பா ஊஞ்சலா?"

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றுவார். பட்டை இறுகும்போதும் பேச்சு நிற்காது.

"மிஷின் பாவங்க, அதுக்காவது ஓய்வு குடுங்க" என்பார் மனைவி சம்சாத் பேகம்.

ஒரு வியாழக்கிழமை, மாலை அசர் தொழுகையில், நெற்றி தரையில் பட வணங்கும் சஜ்தாவிலிருந்து எழுந்தபோது அவருக்குக் கண் இருட்டியது. அளந்தால் நூற்று நான்கு. மாத்திரைதான் ஆளைக் கவிழ்க்கிறது என்று தானே முடிவுகட்டி, அன்று இரவு மாத்திரையை விட்டார். மறுநாளும் விட்டார். சனிக்கிழமை காலை நூற்று எழுபத்தாறு.

சம்சாத் மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு அப்படியே கீதே. எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீங்க?"

"நீ கோவிச்சிக்கினா இன்னும் ஏறும்."

"நான் கோவிக்கல. கெளம்புங்க." குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்.

செங்கல்பட்டு கிளினிக்கில் நர்ஸ் தமிழ்ச்செல்வி அளந்தபோது, பஸ் நெரிசலைப் பற்றி ஜெயினுலாபுதீன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்று அறுபத்தெட்டு.

"பாய், சாஞ்சி ஒக்காருங்க. கால் மேல கால் வேணாம். அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது."

"தூக்கத்திலயே பேசற மனுஷம்மா இவரு" என்றார் சம்சாத்.

கணவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை நூற்று நாற்பத்திரண்டு.

டாக்டர் சியாமளா ஒரு மாத்திரையின் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். "கொஞ்சம் ஏறும், எறங்கும். ஒரு நம்பரப் பாத்து பயந்துடாதீங்க. காலைலயும் சாயங்காலமும் இதே மாதிரி அஞ்சு நிமிஷம் பேசாம இருந்து அளந்து எழுதுங்க, போதும். மெதுவா எழுந்திரிங்க. தலை சுத்தினா போன் பண்ணுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க."

அந்த ஐந்து நிமிடத்தின் அருமை சம்சாத்துக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. முப்பது வருடமாக அவருக்குக் கிடைக்காத இடைவெளி அது. மூன்றாம் நாள் காலை, கணவர் சாய்ந்து உட்கார்ந்ததும் எதிரில் வந்து அமர்ந்தார்.

"இந்தப் பெருநாளுக்குக் கருங்குழில என் தங்கச்சி வூட்டுக்குப் போறோம். நாலு நாள் தங்கறோம். சொல்லிட்டேன்."

கருங்குழி என்றாலே பத்துக் காரணம் சொல்பவர் வாயைத் திறந்தார்.

"மூணு நிமிஷந்தான் ஆயிருக்கு" என்றார் சம்சாத், கடிகாரத்தைப் பார்த்து.

வாய் மூடிக்கொண்டது. அளந்ததில் நூற்று முப்பத்தாறு. நோட்டில் எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, சம்சாத் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தார்.

மறுவாரம் ஒருநாள் நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. இன்னொன்று சேர்த்துப் போடலாமா என்று மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். பிறகு வழக்கமான மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, சாயங்காலம் வரை காத்திருந்து அளந்தார். நூற்று முப்பத்திரண்டு.

பெருநாளுக்குக் கருங்குழி போனார்கள். மிஷினை அவரே பையில் எடுத்து வைத்தார்.