கப்பல் சட்டைகளில் வைத்த குறி

அனந்தநாராயணனுக்குப் பிடரியில், சட்டைக் காலர் உட்காரும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. வேறு எங்கும் இல்லை. வெயில் என்றால் மூக்கும் நெற்றியும் அல்லவா முதலில் சிவக்க வேண்டும்? சாப்பாடு என்றால் உடம்பு முழுக்கத் தடித்திருக்க வேண்டும். கப்பலில் இன்னும் சில ஆண்களுக்கும் அதே இடத்தில் அதே புண். ஒரு பெண்மணிக்கு மட்டும் அது இடுப்பில் வந்திருந்தது.

பம்பாயில் கிளம்பிய உல்லாசக் கப்பல் அது. போகும்போது கொச்சியில் ஒரு பகல், பிறகு கொழும்பு, திரும்பும் வழியில் மறுபடி கொச்சியில் ஒரு பகல். புண் வந்தவர்கள் எல்லாருமே போன தடவை கொச்சியில் துணி வெளுக்கப் போட்டவர்கள். கப்பல் டாக்டர் ஊர் சோப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் களிம்பு கொடுத்தார்.

திரும்பும் வழியில் கப்பல் மறுபடி கொச்சிக்கு வந்த அன்று காலை, வழக்கம்போல மூட்டை எடுக்க ஒச்சம்மாள் கப்பலில் ஏறினாள். மட்டாஞ்சேரியில் அவளும் புருஷன் வீரபாண்டியும் துணி வெளுக்கிறவர்கள். சீசனில் வரும் கப்பல்கள்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தன. தலைமை ஸ்டூவர்ட் அவளை வாசலிலேயே நிறுத்தினான். பயணிகளின் துணி இனிமேல் அவளுக்குக் கிடையாது. எதனால் புண் வந்தது என்று சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் சொன்னால் பார்க்கலாம். இல்லாவிட்டால் எல்லாம் எர்ணாகுளத்து ஸ்டீம் லாண்டரிக்குத்தான். கப்பல் அதிகாரிகளின் சட்டை மூட்டையை மட்டும் அவள் பக்கம் தள்ளினான்.

அந்த நேரத்தில் அனந்தநாராயணன் வந்து சேர்ந்தார்.

"நீதானா அது? இங்க பாரு!" என்று காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டினார். "என்ன சாக்கடையிலே தோய்ச்சே?"

"சாக்கடையா? சாரே, நாக்க அளந்து பேசணும். நல்ல கிணத்துத் தண்ணி. என் பிள்ளைங்க குடிக்கிற தண்ணி."

"அந்தக் கிணத்தை நான் பார்க்கணும்."

"வாங்களேன். பயமா எனக்கு?"

"ஏன்னா, அரண்மனை பார்க்கலாம்னு சொல்லித்தானே கூட்டிண்டு வந்தேள்?" என்றாள் அவர் மனைவி காமாக்ஷி. "ஊரெல்லாம் கோயில் குளம் பார்க்கும். நான் வண்ணான் கிணறு பார்க்கணும்னு தலையெழுத்து." சொன்னாளே தவிர, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

படகில் மூட்டை நடுவில் இருந்தது. ஒச்சம்மாள் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம். காயலைக் கடக்கும்வரை அனந்தநாராயணன் சோப்பைப் பற்றியே பேசினார். ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"சோப்பு, சோப்புன்னா! இந்த மூட்டையில உள்ளதும் அதே சோப்பு, அதே தண்ணி, அதே கஞ்சிதான். இந்த ஆபீசர் சேட்டன்மாருக்கு ஒருத்தருக்காவது அரிச்சுதா? அவனுங்க தோலு என்ன எருமைத் தோலா?"

காமாக்ஷி குடையை மடக்கினாள். "அவா யாருக்கும் வரலையா?"

"வந்திருந்தா இந்த மூட்டையும் தந்திருப்பானா அவன்?"

"அப்போ சோப்பு காரணமில்லை. தண்ணியும் இல்லை. அவா சட்டைக்குச் செய்யாத ஏதோ ஒண்ணை நம்ம சட்டைக்குச் செஞ்சிருக்கா."

கொச்சங்காடி தாண்டி, துணி காயும் வெளியில் வீரபாண்டி கரி போட்டு இஸ்திரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தான். ஒச்சம்மாள் மூட்டையை அவன் காலடியில் எறிந்தாள். காமாக்ஷி அதிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை உருவி, அனந்தநாராயணன் காட்டுவதற்காகப் பையில் கொண்டுவந்திருந்த, போன தடவை வெளுத்த சட்டையை அதன் பக்கத்தில் விரித்தாள். துணி, பொத்தான், கஞ்சியின் விறைப்பு எல்லாம் ஒன்றுதான். காலரைத் திருப்பினாள். அதிகாரியின் காலரில் கப்பல் கம்பெனி தைத்துக் கொடுத்த பெயர் நாடா இருந்தது. அனந்தநாராயணனின் காலரில் கறுப்பாக ஒரு வட்டமும் இரண்டு கோடும் இருந்தன.

"இது என்ன?"

"குறி," என்றான் வீரபாண்டி. "யாரு துணின்னு தெரியணுமில்ல? பேரு உள்ள சட்டைக்கு வேண்டாம். மத்ததுக்கெல்லாம் சேங்கொட்டைக் குறி."

காமாக்ஷி சட்டையைப் புருஷனின் முதுகில் வைத்துக் காலரைப் பிடரியில் பொருத்தினாள். குறி சரியாகப் புண்ணின் மேல் உட்கார்ந்தது. பாவாடைக்குக் குறியை இடுப்புப் பட்டையில் வைப்பார்கள். அந்தப் பெண்மணிக்கு இடுப்பில் வந்ததும் அதனால்தான்.

சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் பழுப்பாக ஒரு பால் கசியும். அதைக் குச்சியில் தொட்டுத் துணியில் வைத்தால், காற்றுப் பட்டுக் கறுத்து, துணி கிழியும்வரை போகாது. அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளிக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது.

"இந்தாய்யா," என்றாள் ஒச்சம்மாள் புருஷனிடம். குரல் தாழ்ந்திருந்தது. கோபம் தாழவில்லை. "கொட்டையைத் தொடுமுன்னே கையில எண்ணெய் தேய்ப்பியே, ஏன்?"

"பால் பட்டாப் பொத்துப் போகும்ல?"

"தெரிஞ்சேதான் என் கழுத்துல வச்சியா!" என்று கத்தினார் அனந்தநாராயணன்.

"கத்தாதீங்க சாரே. எங்கப்பன் காலத்துலேர்ந்து வைக்கிறோம். எர்ணாகுளம் ஓட்டல்காரன், வக்கீலு எல்லாரும் போடுறான். ஒருத்தன் சொறிஞ்சதில்ல."

"அவங்க துணி வெள்ளாவி ஏறுது," என்றாள் ஒச்சம்மாள் மெதுவாக.

வெள்ளாவி என்பது, சோடா நீரில் நனைத்த துணிகளைப் பானையின் மேல் அடுக்கி, ராத்திரி முழுவதும் ஆவியில் வேகவைப்பது. ஊர்த் துணி ஒரு வாரம் தங்கும். கறுப்பு போகாவிட்டாலும், குறியின் காரம் ஆவியில் வெந்து, பல தண்ணீரில் அலசுப்பட்டு, வெயிலில் காய்ந்து செத்துப்போகும். கப்பல் துணியோ காலையில் வந்து மாலையில் போக வேண்டும். அதற்கு வெள்ளாவி கிடையாது. பச்சைக் குறியோடு அப்படியே கழுத்துக்குப் போயிற்று.

"அவசரத் துணிக்கும் ஆற அமரக் குறி வச்சிருக்கே! புத்தி இருக்கா உனக்கு?" ஒச்சம்மாள் இஸ்திரிப் பலகையில் கையால் அடித்தாள்.

"நீயும் கூடத்தானே உக்காந்து கொட்டை குத்தினே?"

"குத்தினேன்! அதான் எரியுது!"

"குறி இல்லாம வெளுத்தா என்ன?" என்றார் அனந்தநாராயணன்.

"உங்க சட்டை அடுத்தவன் வயித்துக்கு மாறிப் போகும். அதுக்கும் இங்க வந்து கத்துவீங்க," என்றான் வீரபாண்டி.

காமாக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. ஒச்சம்மாள் அதிகாரியின் சட்டையை எடுத்துப் பெயர் நாடாவை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

மாலையில் அவள் தேய்த்த மூட்டையோடு கப்பல் ஏறினாள். ஸ்டூவர்டின் மேஜையில் இரண்டு காலர்களையும் அருகருகே வைத்தாள். அனந்தநாராயணன் தன் பிடரியைக் காட்டினார், வேண்டாவெறுப்பாக. அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஸ்டூவர்ட் குறியையும் புண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கப்பலின் துணி அவளுக்கே என்றான். இன்னொரு பயணி சொறிந்தால் அத்தோடு சரி.

"சொறிய மாட்டான். எப்படின்னு கேட்டுக்கோ," என்று ஒச்சம்மாள் தன் யோசனையைச் சொன்னாள்.

பயணிகளின் துணியில் இனிச் சேங்கொட்டை படாது. பழைய வேட்டியைக் கிழித்த நாடாத் துண்டுகளில் முன்கூட்டியே குறி வைத்து, அவற்றை ஊர்த் துணியோடு வெள்ளாவியில் வேகவைத்துக் காயப்போட்டு வைக்க வேண்டும். கப்பல் துணி வந்ததும் ஒவ்வொன்றின் பொத்தான் துளையிலும் ஒரு துண்டை நூலால் கட்ட வேண்டும். பொத்தான் துளை இல்லாத துணிக்கு ஓரத்தில் ஒரு தையல் போதும். துவைத்து, தேய்த்து, ஆள் வாரியாகப் பிரித்து மடித்த பிறகு, கப்பலில் கொடுக்குமுன் நூலை அறுத்து நாடாவை எடுத்துவிட வேண்டும்.